தாடை உடைந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்தது தப்பா? மூச்சுப்பாதை பற்றி ஒரு சந்தேகம்

வழிப்போக்கன்:

வணக்கம். மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இந்த இழை.

மூன்று வாரங்களுக்கு முன் என் கண்ணெதிரே ஒரு பைக் விபத்து. ஓட்டியவரின் முகம் இரும்புத் தடுப்பில் மோதியிருந்தது. தாடை கோணிப்போய், வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, தலையைக் குனிந்தபடி இருந்தார். நான் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன். 'மல்லாக்கப் படுக்க வை, தலையைப் பின்னால் சாய், மூச்சுப்பாதையைத் திற' என்று படித்தது நினைவுக்கு வந்தது. நானும் கூட இருந்த இருவரும் அவரைப் படுக்க வைக்கப் பார்த்தோம். எங்களைத் தள்ளினார். வலியில் முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்து அழுத்திப் படுக்க வைத்துவிட்டோம்.

சில நொடிகளில் தொண்டையில் களகளவென்று சத்தம். கண்கள் மேலே செருகின. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அவரை எழுப்பி விடுங்கப்பா, மூச்சு முட்டுது" என்று கத்தினார். எழுப்பியதும் ஒரு வாய் ரத்தத்தைத் துப்பிவிட்டு மூச்சு வாங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை குனிந்தேதான் இருந்தார். பிழைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

எனக்குத் தூக்கம் சரியில்லை. நாங்கள் செய்தது தப்பா? போர்க்கள முதலுதவி பற்றிப் படித்தால் 'முதலில் ரத்தம், அப்புறம்தான் மூச்சு' என்கிறார்கள். அதுவும் குழப்புகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தம்பி, நான் மயக்கவியல் மருத்துவர். விபத்துப் பிரிவில்தான் என் பாதி வாழ்க்கை போகிறது. நேராகவே சொல்கிறேன்: படுக்க வைத்தது தப்பு. ஆனால் அந்தத் தப்பைப் பயிற்சி பெற்றவர்களும் செய்கிறார்கள். திருத்திக்கொண்டீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் தப்பு என்று சொல்கிறேன். நாக்கு தனியாகத் தொங்கும் உறுப்பு இல்லை. அதை முன்னால் இழுத்து வைத்திருக்கும் தசை, கீழ்த்தாடையின் முன்பக்கத்து உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. தாடை இரண்டு பக்கமும் உடைந்தால் அந்தப் பிடிமானமே போய்விடும். மல்லாக்கப் படுத்தால் நாக்கு மொத்தமாகப் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். மேலே இருந்து ரத்தமும் உடைந்த பல்லும் அதே இடத்தில் தேங்கும். குனிந்து உட்கார்ந்தால் நாக்கு முன்னால் விழும், ரத்தம் வெளியே சொட்டும். அவருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. மூச்சு கிடைக்கும் நிலையை உடம்பே தேடிக்கொண்டது. அதனால்தான் உங்களைத் தள்ளினார்.

முதல் உலகப் போரிலேயே இதை ஒருவர் கண்டுகொண்டார். வில்லியம் கெல்சி ஃப்ரை என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர். பிற்காலத்தில் அறுவை மருத்துவர் ஹரால்டு கில்லீஸுடன் சேர்ந்து சிதைந்த முகங்களைச் சீரமைத்தவர். போர்முனையில், தாடையில் குண்டு பாய்ந்த ஒரு வீரரைத் தலை குனிந்தபடியே நடத்திக் கூட்டிவந்து சிகிச்சை முகாமில் விட்டார். திரும்பும் வழியிலேயே செய்தி வந்தது: அங்கே அவரை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கக் கிடத்தினார்கள், மூச்சடைத்து இறந்துபோனார். முகத்தில் அடிபட்டவரைக் குனிந்த நிலையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று அதற்கப்புறம் ஃப்ரை ஓயாமல் வலியுறுத்தினார். நூறு வருடம் தாண்டியும் நாம் அதே தப்பைச் செய்கிறோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

நினைவோடு இருப்பவர் எந்த நிலையில் மூச்சு விட முடிகிறதோ அந்த நிலையிலேயே இருக்கட்டும். உட்கார்ந்தா, குனிந்தா, ஒருக்களித்தா, எதுவானாலும் சரி. நம் வேலை அவரைத் தாங்கிப் பிடிப்பது.

களமருத்துவன்:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பல வருடம் படையில் மெடிக்காக, அதாவது களத்திலேயே முதல் சிகிச்சை தரும் வீரராக, இருந்தவன். வழிப்போக்கனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

'முதலில் ரத்தம்' என்பது 1996இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஃபிராங்க் பட்லரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட போர்க்கள சிகிச்சை நெறிமுறையிலிருந்து வளர்ந்தது. டி.சி.சி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். வரிசையை நினைவில் வைக்க 'மார்ச்' என்ற சொல். எம் என்றால் பெரும் ரத்தப்போக்கு, ஏ மூச்சுப்பாதை, ஆர் சுவாசம், சி ரத்த ஓட்டம், ஹெச் உடல் குளிர்ந்துபோவதும் தலைக்காயமும்.

ஏன் ரத்தம் முன்னால் வந்தது? 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு 2012இல் வந்தது. மருத்துவமனைக்கு வந்துசேரும் முன் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது என்று கணித்தார்கள். அந்த மரணங்களில் 90.9 சதவீதம் ரத்தப்போக்கு. மூச்சுப்பாதை அடைப்பு 8 சதவீதம். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ரத்தத்தை நிறுத்தக் கை காலை இறுக்கும் பட்டையான டோர்னிக்கேயைக் கட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால் அது முதலில்.

ஆனால் அந்த 8 சதவீதத்தை யாரும் சின்ன எண் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் அடிபட்டவர்கள். சரியான நிலையில் வைத்திருந்தால் கொஞ்சம் பேராவது வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

இன்னொன்று. துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருக்கும்போது நாங்கள் மூச்சுப்பாதையில் கை வைப்பதே இல்லை. டோர்னிக்கே, மறைவிடத்துக்கு இழுத்துப் போவது, அவ்வளவுதான். மறைவுக்கு வந்த பிறகுதான் மற்றவை.

வழிப்போக்கன்:

இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அப்படியென்றால் மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று ஏ, பி, சி-யாக நாங்கள் படித்த வரிசை பழசாகிவிட்டதா?

களமருத்துவன்:

பழசாகவில்லை தம்பி. ரத்தம் பீய்ச்சி அடிக்கவில்லை என்றால் ஏ தான் முதல். உங்கள் விபத்தில் கை கால்களிலிருந்து ரத்தம் கொட்டவில்லை, அப்போது மூச்சுப்பாதைதான் முதல் வேலை. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் காயத்தை அழுத்தலாம், இன்னொருவர் தாடையைப் பிடிக்கலாம்.

"பெயர் என்ன?" என்று கேளுங்கள். தெளிவான குரலில் பதில் வந்தால் மூச்சுப்பாதை இந்த நொடி திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தமும் போகிறது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் கேளுங்கள். குரல் மாறியிருந்தால் அது செய்தி.

மௌனவாசகி:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஒரு பயம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவரின் கழுத்தை அசைக்கவே கூடாது, முடங்கிப்போய்விடுவார் என்று சொல்லித்தந்தார்கள். ஒருக்களித்துத் திருப்பினால் கழுத்தெலும்பு?

இரவுப்பணி:

நல்ல கேள்வி, இந்தப் பயத்தாலேயே பலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம் என்பது சாத்தியம். மூச்சு அடைத்தால் சாவார் என்பது நிச்சயம். ஆக்ஸிஜன் அறவே போகாமல் மூளை தாங்குவது நான்கைந்து நிமிடம்.

நினைவில்லாதவருக்கு முதலில் தாடையை மட்டும் தூக்குங்கள். தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைவிரல்களையும் காதுக்குக் கீழே தாடை வளையும் மூலையில் கொடுத்து, கீழ்ப்பல் மேற்பல்லுக்கு முன்னால் வரும்படி தாடையை மேல்நோக்கி இழுக்கவேண்டும். கழுத்து மடங்காது, நாக்கு மட்டும் முன்னால் வரும். அதிலும் திறக்கவில்லை என்றால் தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்குங்கள். கழுத்துக்காக மூச்சை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாந்தியோ ரத்தமோ இருந்தால் ஒருக்களித்துத் திருப்பவேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தோளையும் இடுப்பையும் பிடித்து மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே அசைவில். தனியாக இருக்கிறீர்களா? அப்போதும் திருப்புங்கள், முடிந்த அளவு தலையும் உடம்பும் சேர்ந்து திரும்பும்படி.

தாடையைத் தூக்கிப் பிடிப்பது பார்க்க எளிது. ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

நீலச்சட்டை:

ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். நான் ஆட்களுக்குச் சொல்வது, காதால் கேள். குறட்டைபோல் வந்தால் நாக்கு அடைக்கிறது, தாடையைத் தூக்கு. களகளவென்றால் திரவம், திருப்பு, அதை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடு. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று வந்தால் குரல்வளையில் வீக்கம், சீக்கிரம் கிளம்பு. நெஞ்சு திணறி ஏறி இறங்குகிறது, ஆனால் காற்றும் வரவில்லை, சத்தமும் இல்லை என்றால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். முழு அடைப்பு. புதிதாக வருபவர்கள் அமைதியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

விரல்நுனி ஆக்ஸிமீட்டரை நம்பிக் காத்திருக்காதீர்கள். எண் இறங்குவதற்குள் நேரம் போயிருக்கும். ஆள் குளிர்ந்து ரத்தம் இழந்திருந்தால் அது எண்ணே காட்டாது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தாடையைத் தூக்குவது, ஒருக்களிப்பது எல்லாம் தற்காலிகம். மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போனால்தான் மூச்சுப்பாதை பாதுகாப்பு. நினைவு எவ்வளவு இருக்கிறது என்று 3 முதல் 15 வரை போடும் மதிப்பெண் எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால் ட்யூப் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். களத்திலேயே போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இரவுப்பணி:

நீலச்சட்டை, உங்கள் காதுப் பாடத்தை என் மாணவர்களிடம் சொல்லப்போகிறேன். ட்யூப் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

ட்யூப் போடுவது என் தொழில், அதனால்தான் சொல்கிறேன். உயிர் பிழைப்பது ஆக்ஸிஜனால். ட்யூப் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். சான் டியேகோவில் கடுமையான தலைக்காயம் பட்டவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மயக்க மருந்து கொடுத்துக் களத்திலேயே ட்யூப் போட்டார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. ட்யூப் போட்டவர்களில் 33 சதவீதம் பேர் இறந்தார்கள், அதேபோல் காயம்பட்டும் அப்படிப் போடாதவர்களில் 24 சதவீதம். காரணத்தைத் தோண்டியபோது தெரிந்தது இதுதான்: ட்யூப் போடும் முயற்சியிலேயே ஆக்ஸிஜன் இறங்கியது, போட்ட பிறகு காற்றைச் செலுத்தும் பையை வேகவேகமாக அழுத்தினார்கள். வேகமாக அழுத்தினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கு ரத்தமும் குறைந்துபோகும்.

ரத்தம் இழந்தவருக்கு இன்னொரு ஆபத்து. மயக்க மருந்தும், நெஞ்சுக்குள் அழுத்திச் செலுத்தும் காற்றும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். தலைக்காயத்தில் அழுத்தம் ஒரு முறை 90க்குக் கீழே போனாலே இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1993இலேயே காட்டியிருக்கிறார்கள். முதலில் ரத்தம் ஏற்று, அப்புறம் ட்யூப் போடு என்று நாங்கள் தலைதலையாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

நீலச்சட்டை:

சான் டியேகோ ஆய்வு தெரியும் டாக்டர். ஆனால் ஆஸ்திரேலியாவில் 2010இல் வந்ததையும் சொல்லவேண்டும் அல்லவா? தலைக்காயம் பட்ட 312 பேர். மருந்து கொடுத்துக் களத்தில் ட்யூப் போட்டவர்களில் 51 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். மருத்துவமனையில் போட்டவர்களில் 39 சதவீதம். இதுவும் ஆம்புலன்ஸ்காரர்கள் செய்ததுதான்.

இரவுப்பணி:

சரிதான், அதை நான் விட்டிருக்கக் கூடாது. அங்கே செய்தவர்கள் அதற்கென்றே கூடுதல் பயிற்சி எடுத்தவர்கள். வெளிவரும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராபி கையில் இருந்தது, மருந்தின் அளவும் வரிசையும் கண்டிப்பாக வகுக்கப்பட்டிருந்தன. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், யார் போடுகிறார், எதை வைத்துப் போடுகிறார் என்பதில்தான் நோயாளியின் விதி இருக்கிறது. உங்கள் வண்டியில் கேப்னோகிராபி இருக்கிறதா?

நீலச்சட்டை:

ஒரு வண்டியில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் வண்டியில் அது இல்லை.

இரவுப்பணி:

அப்படியானால் உங்கள் வண்டியில் பையும் முகமூடியும்தான் உங்கள் ஆயுதம். அதைத் தனியாளாகச் செய்யாதீர்கள். ஒருவர் இரண்டு கையாலும் முகமூடியைப் பொருத்தித் தாடையைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் பையை அழுத்தவேண்டும். ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை, நெஞ்சு இலேசாக எழும் அளவுக்கு. பையை முழுக்கக் கசக்கினால் காற்று வயிற்றுக்குப் போகும், வாந்தி மேலே வரும்.

மௌனவாசகி:

மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாய் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டவருக்கு அதைப் போட்டால் மூளைக்குள் போய்விடும் என்கிறார்களே?

நீலச்சட்டை:

மண்டையின் அடித்தளம் உடைந்தவர்களுக்கு அப்படி நடந்ததாகப் பதிவுகள் உண்டு, ஆனால் மிக மிக அரிது. கண்ணைச் சுற்றிக் கருவளையம், காதுக்குப் பின்னால் நீலம், மூக்கிலிருந்து தெளிந்த நீர் இவை இருந்தால் நாங்கள் தவிர்ப்போம். வேறு வழியே இல்லாமல் ஆள் நீலமாகிறார் என்றால் அனுபவம் உள்ளவர் போடுவார். முக்கியமாக, அதை மேல்நோக்கித் தள்ளக் கூடாது. மூக்கின் தரை பின்பக்கமாகத்தான் போகிறது, முகத்துக்குச் செங்குத்தாக, ஜெல் தடவி மெதுவாகச் செலுத்தவேண்டும். வாய்வழிப் போடும் வளைந்த குழாய் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு மட்டும். ஓங்கரித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

களமருத்துவன்:

எல்லாம் தோற்கும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. முகம் இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சிதைந்திருக்கும், உட்கார வைக்க ஆள் நினைவில் இல்லை, ஒருக்களித்தும் மூச்சு வரவில்லை. அப்போது கழுத்தில் வெட்டவேண்டும். இது பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமான வேலை, யாரும் படித்துவிட்டு முயற்சி செய்யக் கூடாது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கழுத்தின் முன்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். துருத்தி நிற்கும் மேடு தைராய்டு குருத்தெலும்பு. அங்கிருந்து கீழே இறங்கினால் ஒரு சின்னப் பள்ளம், அப்புறம் வளையம்போல் கிரைக்காய்டு. அந்தப் பள்ளத்தில் தோலுக்கு அடியில் இருப்பது ஒரு சவ்வு. அதன் பின்னால் மூச்சுக்குழல். தோலை நெடுக்காகக் கீறி, விரலை விட்டுச் சவ்வைத் தேடி, அதைக் குறுக்காகத் திறந்து, வளையும் வழிகாட்டிக் குச்சியை நுழைத்து, அதன்மேல் 6 எண் ட்யூப். நெடுக்காக ஏன் என்றால், இடம் கொஞ்சம் தப்பினாலும் மேலும் கீழும் நீட்டிக்கொள்ளலாம், பக்கத்து ரத்தக்குழாய்களும் தப்பும். ரத்தத்தில் கண் உதவாது, விரல்தான் கண்.

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் களத்தில் இப்படி வெட்டிய 72 பேரைப் பற்றி 2012இல் ஒரு ஆய்வு வந்தது. மெடிக்குகள் செய்தவற்றில் மூன்றில் ஒன்று தோற்றது. மருத்துவர்களும் மருத்துவ உதவியாளர்களும் செய்தவற்றில் 15 சதவீதம். அதைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பயிற்சியில் ஒரு பொம்மைக் கழுத்தில் இரண்டு முறை செய்தால் போதும் என்று விட்டிருந்தார்கள். அதற்கப்புறம் நான் சொல்லித்தந்த ஒவ்வொரு ஆளையும், கண்ணைக் கட்டிக்கொண்டு பள்ளத்தைக் கண்டுபிடிக்கும்வரை விட்டதில்லை.

இரவுப்பணி:

மருத்துவமனைகளிலும் இதே கதைதான் அண்ணா. பிரிட்டனில் 2011இல் வந்த தேசியத் தணிக்கையில், ஊசியால் அந்தச் சவ்வைக் குத்தி மூச்சு கொடுக்க முயன்றவற்றில் ஏறக்குறைய 60 சதவீதம் தோற்றிருந்தது. 2015 வழிகாட்டுதலில் கத்தி, வழிகாட்டிக் குச்சி, ட்யூப் என்று எளிமையாக்கிவிட்டார்கள்.

வெட்டும் கை தாமதிப்பதைவிட, வெட்டவேண்டும் என்ற முடிவுதான் தாமதிக்கிறது. நான்காவது முறை, ஐந்தாவது முறை என்று வாய்வழியே முயன்றுகொண்டே இருப்பார்கள். அறையில் ஒருவர் சத்தமாக "ஆக்ஸிஜன் ஏறவில்லை, கழுத்துக்குப் போகிறோம்" என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லும் உரிமை நர்ஸுக்கும் உண்டு என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறோம்.

நீலச்சட்டை:

ஹெலிகாப்டரில் கொண்டுபோவதைப் பற்றி அண்ணாவிடம் ஒரு கேள்வி. தொண்டையில் காற்றுப்பையோடு உட்காரும் குழாய்கள் உயரத்தில் வீங்கும் என்பது உண்மையா?

களமருத்துவன்:

உண்மை. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பைக்குள் அடைபட்ட காற்று விரியும். தொண்டைத் திசுவை நெருக்கும். ஐ-ஜெல் போன்ற தொண்டைக் குழாய்களில் ஊதும் பையே இல்லை, மென்மையான ஜெல் மட்டும். போர்க்கள நெறிமுறை ஒரு காலத்தில் அதை விரும்பியதற்கு இது ஒரு காரணம்.

தீக்காயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூடிய இடத்தில் தீயில் சிக்கியவர், மூக்கு முடி கருகியிருக்கிறது, எச்சிலில் கரி, குரல் கரகரக்கிறது என்றால், இப்போது நன்றாகப் பேசுகிறாரே என்று விட்டுவிடாதீர்கள். வீக்கம் பல மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். மற்றவர்களுக்கு ட்யூபைத் தள்ளிப்போடச் சொன்னோம், இவருக்கு முன்கூட்டியே வேண்டும்.

வழிப்போக்கன்:

இவ்வளவு எழுதிய எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று என் மனைவியைத் தரையில் படுக்க வைத்து, தாடை தூக்குவதையும் ஒருக்களித்துத் திருப்புவதையும் பலமுறை செய்து பார்த்தேன். அக்கா சொன்னது சரி, ஐந்து நிமிடம்கூட என் விரல் தாங்கவில்லை.

ஒரு கடைசிக் கேள்வி. எங்களுக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. குழந்தைகளுக்கும் இதேதானா?

இரவுப்பணி:

அதே தாடை தூக்கல்தான் தம்பி, ஆனால் இன்னும் மென்மையாக. விரல் எலும்பின்மேல் மட்டும் இருக்கட்டும், முகவாய்க்கு அடியில் உள்ள மெத்தென்ற இடத்தை அழுத்தினால் நீங்களே நாக்கை மேலே தள்ளி அடைத்துவிடுவீர்கள். சின்னக் குழந்தையின் பின்மண்டை பெரிது. தட்டையான தரையில் படுக்க வைத்தால் தலை தானாக முன்னால் மடங்கி மூச்சு நெருக்கும். தோள்களுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கைக்குழந்தை என்றால் முகம் நேராகக் கூரையைப் பார்க்கட்டும். உங்கள் பிள்ளையின் வயதுக்கு, ஏதோ வாசனை பிடிக்க மூக்கை நீட்டுவதுபோல் சற்றே பின்னால். அதற்கு மேல் சாய்த்தால் அந்த மெல்லிய மூச்சுக்குழல் மடங்கிவிடும்.

இன்று இரவு குழந்தை தூங்கும்போது தலை எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி வருகிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். நல்ல மூச்சு எப்படி இருக்கும் என்று கண்ணுக்கும் காதுக்கும் பழகும்.